ஆறடிக் கயிறு



மகாபாரதக் கதையின் முடிவில் பாண்டவர்கள் நாட்டைத் துறந்து, வடதிசை நோக்கி மலையேறுகிறார்கள். வழியில் திரௌபதி வீழ்கிறாள். தம்பியர் நால்வரும் ஒருவர்பின் ஒருவராக வீழ்கின்றனர். இறுதிவரை தருமபுத்திரரைப் பின்தொடர்ந்து சென்றது ஒரு நாய் மட்டுமே. தேரோடு எதிர்வந்த இந்திரன், நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏறுமாறு கூறுகிறான். நம்பித் தொடர்ந்த உயிரைக் கைவிட்டுப் பெறுகின்ற சுவர்க்கம் தமக்கு வேண்டா என்று தருமர் மறுத்துவிடுகிறார். இக்கதையை நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் பிள்ளைகளின் கண்கள் மலரும். என் நெஞ்சமும் நெகிழும்.

ஆயினும், நாயோடு மலையேறுவது எவ்வளவு பொறுப்பு மிகுந்த செயல் என்பதை, ஓய்வு பெற்ற பிறகு, என் அறுபத்திரண்டாவது வயதில்தான் நான் அறிந்துகொண்டேன். இன்று உங்களுக்குச் சொல்ல எடுத்துக்கொண்டது அந்த அனுபவத்தையே. இதில் என் பெருமை ஒன்றும் இல்லை. நான் செய்த பிழை ஒன்றின் வரலாறு இது. பிறர் பிழைகளைத் திருத்தியே வாழ்நாளைக் கழித்த ஆசிரியன், தன் பிழையைச் சொல்லவும் கடமைப்பட்டவன் அல்லவா?

2022-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். அமெரிக்க நாட்டின் வர்ஜீனியா மாநிலத்தில் வாழும் என் மகள் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அவ்வீட்டில் மகள், மாப்பிள்ளை, பத்து வயதுப் பேத்தி ஆகிய மூவரோடு நான்காவதாக ஒரு நாயும் இருந்தது. ஆதரவற்ற விலங்குகளைப் பேணும் காப்பகம் ஒன்றிலிருந்து அதனை எடுத்து வந்து வளர்த்தார்கள். செம்மண் நிறம்; மடிந்த காதுகள்; எந்த இனம் என்று சொல்ல முடியாத கலப்பு. பெயர் மணி. கடல் கடந்து போனாலும் நம்மவர்க்கு நாயென்றால் மணிதான்! பேத்திக்கும் மணிக்கும் இடையே இருந்த அன்பு பெரிது. அவள் பள்ளிக்குப் புறப்பட்டால் அது வாயிற்படியில் படுத்துவிடும்; அவள் திரும்பும் வரை ஒரு பிடி உணவும் கொள்ளாது.

ஒருநாள் மாப்பிள்ளை, “மாமா, இரண்டு நாள் விடுமுறை வருகிறது. ஷெனன்டோவா தேசியப் பூங்காவிற்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்கி வரலாம். இப்போது இலைகள் நிறம் மாறும் பருவம். மணியையும் அழைத்துச் செல்லலாம்” என்றார். தேசியப் பூங்காவிற்குள் வளர்ப்பு நாயை அழைத்துச் செல்வதா என்று நான் வியப்படைந்தேன். நம் நாட்டில் முதுமலை போன்ற காடுகளுக்குள் அவ்வாறு செல்ல இயலாது என்பதை நீங்கள் அறிவீர்கள். அமெரிக்காவிலும் எல்லாப் பூங்காக்களும் ஒரே வகையானவை அல்ல. 1872-இல் அமைக்கப்பெற்றதும், உலகின் முதல் தேசியப் பூங்கா என்று போற்றப்படுவதுமாகிய யெல்லோஸ்டோனில், வண்டி செல்லும் சாலையையும் கூடாரத் திடலையும் ஒட்டிய இடங்களைத் தவிர, காட்டுப் பாதைகளில் நாய்க்கு இடமே இல்லை. ஷெனன்டோவா இவ்வகையில் ஒரு விதிவிலக்கு. அங்கே எண்ணூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நடைபாதைகள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் போக, மற்ற பாதைகளிலெல்லாம் நாயோடு நடக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நாய் எப்போதும் கயிற்றில் இருத்தல் வேண்டும்; அந்தக் கயிறு ஆறடிக்கு மேல் நீளுதல் கூடாது.

ஷெனன்டோவாவைப் பற்றிச் சில சொற்கள் கூறுவது பொருந்தும். வாஷிங்டன் நகருக்கு மேற்கே, ஏறத்தாழ நூற்றிருபது கிலோமீட்டர் தொலைவில், நீலமுகடு எனப் பொருள்படும் புளூ ரிட்ஜ் மலைத்தொடரின் மேல் நீண்டு கிடப்பது இப்பூங்கா. 1935-ஆம் ஆண்டு டிசம்பரில் இது நிறுவப்பட்டது. மறு ஆண்டு ஜூலை 3-ஆம் நாள், குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இதனை மக்களுக்கு உரிமையாக்கி உரை நிகழ்த்தினார். மலையின் முதுகெலும்பைப் போல, நூற்றைந்து மைல் நீளத்திற்கு ஸ்கைலைன் டிரைவ் என்னும் சாலை ஓடுகிறது. அச்சாலையின் ஐம்பத்தோராவது மைலில், ஏறத்தாழ மூவாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில், பிக் மெடோஸ் என்ற புல்வெளி விரிந்து கிடக்கிறது. அதன் அருகிலுள்ள கூடாரத் திடலில்தான் நாங்கள் தங்கினோம்.

நாங்கள் சென்ற நாளில் மலை முழுவதும் மஞ்சளும் செம்மையும் பூண்டு நின்றது. மரம் உதிர்க்கப்போகும் இலைக்கு இத்தனை அழகா என்று வியந்தவாறே சென்றேன். பூங்காவின் வாயிலில் நாய்க்குரிய நான்கு விதிகளைப் பேத்தி எனக்கு ஒப்பித்தாள். ஆங்கிலத்தில் நாய் குரைப்பதற்கு ‘பார்க்’ என்று பெயர். பூங்காவிற்கும் ஏறத்தாழ அதே ஒலி. குரைப்பதைக் குறிக்கும் சொல்லின் நான்கு எழுத்துகளுக்கும் ஒவ்வொரு விதியைப் பொருத்தி, அந்நாட்டுத் தேசியப் பூங்காத் துறையினர் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றனர். நாயின் கழிவை எடுத்து அப்புறப்படுத்துக; எப்போதும் கயிற்றில் வைத்திடுக; காட்டு விலங்குகளுக்கு மதிப்பளித்திடுக; எங்கே செல்லலாம், எங்கே செல்லலாகாது என்பதைத் தெரிந்துகொள்க. இவையே அந்த நான்கு. ஆசிரியப் பயிற்சி பெற்றவன் ஆதலால், மனத்தில் நிற்கும்படி அதனை அமைத்த திறத்தைப் பாராட்டினேன். விதிகளை மட்டும் மனத்தில் ஆழ ஊன்றிக்கொள்ளவில்லை.

கூடாரத் திடலில் மற்றொரு விதியும் இருந்தது. சமைத்த உணவோ, எண்ணெய்ப் பாத்திரமோ, நாய்க்குரிய தீனியோ எதுவும் வெளியில் கிடத்தல் கூடாது. வண்டிக்குள்ளோ, அதற்கென அமைத்த இரும்புப் பெட்டிக்குள்ளோ வைத்துப் பூட்டிவிட வேண்டும். காரணம், அம்மலை கருங்கரடிகள் வாழும் மலை. இலையுதிர் காலத்தில் ஓக் மரங்கள் கொட்டைகளை உதிர்க்கின்றன. அவற்றைத் தின்று கொழுப்பைச் சேர்த்துக்கொண்ட பின்னரே கரடி குளிர்கால உறக்கத்திற்குச் செல்லும். அப்பருவத்தில் அதற்குப் பசி மிகுதி. ஒருமுறை மனிதனின் உணவைச் சுவைத்துவிட்ட கரடி, மீண்டும் மீண்டும் மனிதனைத் தேடி வரும். கடைசியில் அது கொல்லப்படவும் நேரும். ஆகவே, நாம் மூடி வைக்கும் சோற்றுப் பானை கரடியின் உயிரைக் காக்கும் பானையாகும். இதனை மகள் எனக்கு விளக்கிச் சொன்னாள். நான் தலையசைத்தேன்.

மறுநாள் பிற்பகலில் எல்லோரும் அருவி பார்க்கப் புறப்பட்டனர். திடலுக்குச் சற்றுத் தொலைவில் டார்க் ஹாலோ அருவிக்கு இறங்கும் பாதை உண்டு. நாய் செல்லக் கூடாதென்று விலக்கப்பட்ட சில பாதைகளுள் அதுவும் ஒன்று. பாதை செங்குத்தானது, மக்கள் நெருக்கமும் மிகுதி. நாயைக் கூடாரத்தில் தனியே கட்டி வைத்துவிட்டுச் செல்வதற்கும் விதி இடந்தரவில்லை. யாரேனும் ஒருவர் உடனிருந்தே ஆகவேண்டும். “நீங்கள் மூவரும் போய் வாருங்கள், முழங்கால் வலியோடு நான் அத்தனை தூரம் இறங்கி ஏற முடியாது. மணிக்குத் துணையாக நான் இருக்கிறேன்” என்றேன். பேத்தி கயிற்றை என் கையில் கொடுத்தாள். “தாத்தா, மானைக் கண்டால் அவன் இழுப்பான், கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்” என்று எச்சரித்துவிட்டுச் சென்றாள்.

அவர்கள் சென்ற பின்னர் நானும் மணியும் திடலின் ஓரத்தில் மரநிழலில் அமர்ந்திருந்தோம். மணி மூக்கை உயர்த்திக் காற்றை முகர்ந்தது. இரண்டடி நடந்து கயிற்றின் எல்லையில் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தது. மீண்டும் முகர்ந்தது, மீண்டும் பார்த்தது. எங்கள் ஊர்ப்புறத்து நாய்கள் என் நினைவிற்கு வந்தன. வயல் வரப்பில் தாமாக ஓடி, குளத்தில் இறங்கி நீர் குடித்து, மாலையில் தாமாக வீடு திரும்பும் நாய்கள் அவை. கழுத்தில் பட்டையோ கயிறோ கண்டறியாதவை. சிப்பிப்பாறை நாய் முயலைத் துரத்தி ஓடும் அழகை இளமையில் கண்டு களித்தவன் நான். இத்தகைய உயிரை இவ்வளவு பெரிய காட்டிற்கு அழைத்து வந்து, ஆறடிக்குள் அடக்கி வைப்பது அன்பாகுமா என்று எண்ணினேன். ஐந்து நிமிடம் ஓடிவிட்டு வரட்டுமே. யாருக்கு என்ன நட்டம்? சுற்றுமுற்றும் பார்த்தேன். ஒருவரும் இல்லை. குனிந்து, கழுத்துப்பட்டையிலிருந்து கொக்கியைக் கழற்றினேன்.

மாணவர்களே, ‘சுற்றுமுற்றும் பார்த்தேன்’ என்று சொன்னேன் அல்லவா? அந்த ஒரு சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். தவறு என்று அறியாமல் செய்பவன் சுற்றுமுற்றும் பார்ப்பதில்லை.

மணி சிறிது தூரம் துள்ளி ஓடித் திரும்பி வந்தது. என் முழங்காலில் மூக்கால் முட்டியது. என் எண்ணம் சரியென்று மகிழ்ந்தேன். அந்நேரத்தில் புதர்களுக்கு அப்பால் ஒரு வெண்வால் மான் தலை தூக்கியது. அந்த மான் ஆபத்தைக் கண்டால் வாலை மேலே உயர்த்தும். வாலின் அடிப்புறத்து வெண்மை கொடிபோல் ஒளிரும். அவ்வெண்மையைக் கண்டதுதான் தாமதம். மணி அம்புபோல் பாய்ந்தது. “மணி! மணி!” என்று கூவினேன். பள்ளி மைதானத்தின் மறுகோடி வரை கேட்டுவந்த என் குரல், அந்தக் காட்டில் நாலு மரங்களுக்கு அப்பால் செல்லவில்லை. இலைகள் சலசலத்தன, கிளை முறியும் ஓசை ஒன்று கேட்டது, பின்னர் ஒன்றும் கேட்கவில்லை.

நான் ஓட முயன்றேன். அறுபத்திரண்டு வயதுக் கால்கள்; உதிர்ந்த இலைகளுக்கு அடியில் மறைந்த கற்கள். இருமுறை இடறினேன். திரும்பிப் பார்த்தபோது திடல் கண்ணுக்குப் புலப்படவில்லை. நாயைத் தேடச் சென்று நானே தொலைந்துவிடும் நிலையை அடைந்தேன். எப்படியோ வந்த வழியே திரும்பி, பக்கத்துக் கூடாரத்தில் இருந்த முதிய பெண்மணி ஒருவரிடம் செய்தியைச் சொன்னேன். அவர் உடனே தொலைபேசியில் வனக்காவலரை அழைத்தார். என்னைத் தேற்றவும் செய்தார். ஆனால் என் கையில் தொங்கிய கயிற்றையும், அதன் நுனியில் சற்றும் பழுதின்றி இருந்த கொக்கியையும் அவர் பார்த்துவிட்டார் என்பதை உணர்ந்தேன்.

சிறிது நேரத்தில் வனக்காவலர் வந்தார். இளைஞர், என்னிடம் பயின்ற மாணவர்களின் வயதுதான் இருக்கும். அகன்ற விளிம்புத் தொப்பியைக் கழற்றி வணக்கம் தெரிவித்துவிட்டு, நாய் எங்கிருந்து ஓடியது என்று கேட்டார். இடத்தைக் காட்டினேன். அதே வேளையில் அருவிக்குச் சென்றவர்களும் திரும்பி வந்துவிட்டனர். பேத்தி என்னைப் பார்த்தாள், வெறுங்கயிற்றைப் பார்த்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. வனக்காவலரே கேட்டார்: “கயிறு எப்படிக் கழன்றது?”

அந்த ஒரு நொடியில் என் மனம் ஓடிய ஓட்டத்தை மறைக்காமல் சொல்கிறேன். “கொக்கி தானாகக் கழன்றுவிட்டது” என்று சொன்னால் போதும். யாரும் மறுக்க முடியாது. மகளும் மாப்பிள்ளையும் என்மேல் இரக்கம் கொள்வார்கள். பேத்தியின் கண்ணில் என் மதிப்புக் குறையாது. அச்சொற்கள் நாவின் நுனிவரை வந்துவிட்டன. சாளரக் கண்ணாடியை உடைத்துவிட்டு, பந்து தானாகப் போய்ப் பட்டது என்று சொன்ன எத்தனை பிள்ளைகளை என் மேசைமுன் நிறுத்தியிருக்கிறேன்! “உண்மையைச் சொல், தண்டனை சிறிதாகும், பொய் சொன்னால் நீ சிறியவனாவாய்” என்று அவர்களிடம் எத்தனை முறை கூறியிருக்கிறேன்! அவர்கள் எல்லோரும் அந்தக் காட்டில் வரிசையாக வந்து நின்று, என் வாயையே பார்ப்பதுபோல் எனக்குத் தோன்றியது.

“நான்தான் கழற்றிவிட்டேன். விதி தெரிந்திருந்தும் கழற்றினேன்” என்றேன்.

வனக்காவலர் சினம் கொள்ளவில்லை. முதலில் நாயை மீட்கும் வழியைப் பார்ப்போம் என்றார். ஆளுக்கொரு பக்கம் கூவிக்கொண்டு ஓடினால், நாய் மிரண்டு மேலும் விலகிப் போகும். அது பிரிந்த இடத்திலேயே வீட்டார் அமைதியாக இருக்க வேண்டும். அதற்குப் பழகிய மணமுள்ள துணி ஒன்றை அங்கே விரிக்க வேண்டும். நாயின் மூக்கு அதனைத் திரும்ப அழைத்து வரும் என்று கூறினார். பேத்தி தன் கம்பளிச் சட்டையைக் கழற்றித் தரையில் விரித்து, அதன் அருகில் அமர்ந்தாள். குளிர் கடுமையாக இருந்தது. என் சால்வையை அவள்மேல் போர்த்தினேன். அவள் அதைத் தள்ளவும் இல்லை, என்னை நோக்கவும் இல்லை.

காத்திருந்த அந்த வேளையில், அவ்விளைஞர் சொன்ன செய்திகள் என் வாழ்வில் நான் கேட்ட சிறந்த பாடங்களுள் ஒன்றாகும். கயிற்றுக்கு அவர் மூன்று காரணங்கள் கூறினார்.

முதற்காரணம், காட்டு விலங்கின் நலம். குளிர்காலம் வருமுன் மானும் கரடியும் சேர்த்து வைக்கும் ஒவ்வொரு துளிக் கொழுப்பும் அவற்றின் உயிர்க் கையிருப்பு. நாய்க்கு விளையாட்டாகத் தோன்றும் ஓட்டம், மானுக்கு உயிர்ப் போராட்டம். நாய் அதனைப் பிடிக்க வேண்டும் என்பதில்லை, துரத்தினாலே இழப்புத்தான்.

இரண்டாவது, நோய். நாயிடமிருந்து காட்டிற்கும், காட்டிலிருந்து நாய்க்கும் நோய்கள் செல்லும். இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிக் காட்டில், நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்னும் நச்சுயிரி நோய் சிங்கங்களிடையே பரவி, மூன்றில் ஒரு பங்கை அழித்துவிட்டது. 2018-இல் நம் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் சில வாரங்களுக்குள் மாண்டன. அங்கும் அந்நோய் கண்டறியப்பட்டது. முதுமலையில் திரியும் செந்நாய் நம் வீட்டு நாய்க்கு உறவு முறை. ஆகவே ஒன்றன் நோய் மற்றதற்கும் பகை. இப்பகுதியை ஊர் திரும்பிய பின் நான் படித்தறிந்து சேர்த்துக்கொண்டேன்.

மூன்றாவது, நாயின் நலமும் நம் நலமும். கட்டின்றி ஓடும் நாய் கரடியைக் கண்டால் குரைக்கும். கரடி எதிர்த்தால், நாய் தன் தலைவனிடம் அடைக்கலம் தேடி ஓடிவரும். கரடியையும் பின்னால் அழைத்து வரும்! இதனைச் சொல்லிவிட்டு, அவர் குரலைத் தாழ்த்தி, யெல்லோஸ்டோனில் 1981-ஆம் ஆண்டு ஜூலை மாதம் நிகழ்ந்ததொரு துயரத்தையும் கூறினார். அங்கே நிலத்தினின்று கொதிநீர் பொங்கும் குளங்கள் பல உள. நண்பர்கள் இருவர் வந்த வண்டியிலிருந்து நாயொன்று தப்பி ஓடி, அத்தகைய குளமொன்றில் பாய்ந்துவிட்டது. அந்த நீரின் வெப்பம் 90 பாகை செல்சியசுக்கும் மேல். அருகில் நின்றவர்கள் தடுத்துக் கூவியும் கேளாமல், நண்பரின் நாயை மீட்கக் குளத்தில் பாய்ந்தார் இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர். நாயும் பிழைக்கவில்லை, மறுநாள் அவரும் இறந்தார். அவருடைய அன்பைக் குறைசொல்ல எவருக்கும் மனம் வராது. ஆனால், அந்த அன்பு செய்ய முயன்று இயலாமற்போனதை, சிறிய கயிறு ஒன்று முன்னமேயே செய்திருக்கக் கூடும்.

நான் தலைகுனிந்து நின்றேன். யாருக்கு என்ன நட்டம் என்று கேட்டேனே, அக்கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

கதிரவன் மறைந்தான். காட்டினுள் இருள் திரண்டது. மாப்பிள்ளை டார்ச் விளக்கை ஏற்றி வைத்தார். பேத்தி மட்டும் மெல்லிய குரலில், இடைவிடாது, நாயின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அது அழைப்பதுபோல் இல்லை. தாலாட்டுவது போல் இருந்தது. ஏழு மணியை நெருங்கும் வேளையில் சருகுகள் அசைந்தன. ஒரு காலைத் தூக்கி நொண்டியவாறு மணி வெளிப்பட்டது. முன்னங்காலின் அடிப்பட்டை கிழிந்து குருதி கசிந்தது, காதில் முள் கீறிய தடம், உடலெங்கும் உண்ணிகள். நேரே சென்று கம்பளிச் சட்டையின்மேல் படுத்துப் பேத்தியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அதுவரை அழாதிருந்த குழந்தை அப்போதுதான் அழுதாள்.

வனக்காவலர் கயிற்றை மாட்டிய பின்னர், ஒரு தாளை எடுத்து எனக்குரிய தண்டத்தை எழுதினார். முதியவர், அயல்நாட்டவர், உண்மையை ஒப்புக்கொண்டவர் என்று எனக்குச் சலுகை காட்டவில்லை. காட்டாதது கண்டு எனக்கு மகிழ்ச்சியே. வாழ்நாளில் நான் செலுத்திய முதல் தண்டம் அது. அந்தத் தாளை இன்றும் என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

இரவில் கூடாரத்தினுள் எல்லோரும் படுத்த பின்னர், பேத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “தாத்தா, மணி வராமலே போயிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?” எந்தப் பாடத்திலும் எந்த மாணவனும் என்னை அவ்வாறு விடையற்றவனாக்கியதில்லை. “எனக்குத் தெரியவில்லை, அம்மா. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்” என்றேன். அவள் மறுமொழி கூறவில்லை. கூடாரத் துணியில் காற்று மோதும் ஒலியைக் கேட்டவாறு நெடுநேரம் விழித்திருந்தேன்.

அப்போது சிந்தித்தேன். அந்தக் கயிறு நாயைக் கட்டும் கயிறு என்றே நான் எண்ணியிருந்தேன். கயிற்றுக்கு மறுமுனை ஒன்று உண்டு. அது என் கையில் இருந்தது. நாய்க்கு விதி தெரியாது, கரடி தெரியாது, குளிர்காலம் வரப்போவதும் தெரியாது. இவையெல்லாம் தெரிந்தவன் நான். ஆகவே அந்தச் சட்டம் நாய்க்கு இயற்றப்பட்டதன்று, எனக்கு இயற்றப்பட்டது. நாயின்மேல் கொண்ட இரக்கத்தால் அவிழ்த்தேன் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், என் இளமைக் காலத்து நாயின் ஓட்டத்தை மீண்டும் ஒருமுறை கண்டு மகிழ விரும்பினேன். என் விருப்பத்திற்கு அன்பு என்று பெயரிட்டுக்கொண்டேன். நம்மில் பலர் இப்படித்தான் செய்கிறோம்.

தருமபுத்திரர் கதையும் அப்போது புதிய பொருளோடு தோன்றியது. அவர் நாயைக் கைவிடவில்லை, அது மெய். அதே நேரத்தில், அதனைக் கட்டவிழ்த்துக் காட்டில் விட்டுவிட்டு, அதுவே கருணை என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை. அது தம்மோடு வரும்வரை அதற்குத் தாம் பொறுப்பு என்று நின்றார். கைவிடாமை என்பதற்கு அதுவே பொருள்.

விடியற்காலையில் புல்வெளியைப் பனி போர்த்தியிருந்தது. மணியின் காலுக்கு மகள் கட்டுப் போட்டிருந்தாள். சிறிது தூரம் மட்டும் மெல்ல நடத்திச் செல்லலாம் என்று கிளம்பினோம். பேத்தி கயிற்றை எடுத்து மாட்டினாள். பின்பு சற்று நின்று, என் கையைப் பற்றி அதில் கயிற்றின் வளையத்தை மாட்டினாள். “இன்றைக்கு நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள், தாத்தா” என்றாள். எனக்குக் கிடைத்த பரிசுகளுள், நல்லாசிரியர் என்று பிறர் அளித்த பாராட்டுகளுள், அதற்கு ஈடானது ஒன்றும் இல்லை.

புல்வெளியின் நடுவே மூன்று மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. மணி கண்டது. அதன் உடல் முழுவதும் நடுங்கியது, கயிறு விறைத்தது. நான் காலை ஊன்றி நின்றேன். மான் ஒன்று தலை தூக்கி எங்களைப் பார்த்தது. வாலை உயர்த்தவில்லை. சிறிது பொழுது பார்த்துவிட்டு மீண்டும் குனிந்து மேயத் தொடங்கியது. மணியும் மெல்ல அமர்ந்தது. நாங்கள் மூவரும், அவை மூன்றும், எவர்க்கும் இடையூறின்றி அந்தக் காலையைப் பகிர்ந்துகொண்டோம்.

மாணவ மாணவியரே, நாளை நீங்களும் மலைக்கும் காட்டிற்கும் செல்வீர்கள். உங்கள் கையிலும் ஏதேனும் ஒரு கயிற்றின் முனை இருக்கும். யாரும் பார்க்கவில்லை என்று அதனை அவிழ்க்கத் தோன்றும்போது, சுற்றுமுற்றும் பார்த்த இந்தக் கிழவனை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.